சிகாகோவில் ஒரு போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் மக்கள் தெருவில் கொண்டாடியது சரியா?

"ஒரு பையன் செத்துவிட்டான், ஒருவர் ஜெயிலுக்குப் போகிறார், இதில் ஆர்ப்பரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லக்வான் மெக்டொனால்ட் என்ற கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் ஜேசன் வான் டைக் என்ற வெள்ளையினச் சிகாகோ போலீஸ்காரர் குற்றவாளி என்று 2018 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தது. அன்று நகராட்சி அலுவலகமான சிட்டி ஹால் முன்னால் திரண்ட கூட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நானும் நின்றிருந்தேன். அப்போது என் அலுவலகம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வழக்கு முந்தைய நாள் மதியமே ஜூரியின் கைக்கு, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேரின் கைக்குப் போய்விட்டது. தீர்ப்பு தயார் என்று செய்தி வந்ததும் எங்கள் மேனேஜர் "லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்புங்கள்" என்றார். பக்கத்துக் கட்டடங்களிலும் இதே கதை. சாயங்காலம் பார்க்கிற கூட்டம் மதியமே ரயில் நிலையத்தை நோக்கி ஓடியது. போலீஸ் விடுதலையானால் ஊர் எரியும் என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

லிஃப்டை விட்டு இறங்கினேன். கீழே செக்யூரிட்டி மேஜையில் வழக்கம்போல அந்த அம்மா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண். தினமும் காலையில் என் பெயரைத் தப்பாக உச்சரித்து, தானே சிரித்து, பிறகு சரியாகச் சொல்வார். அன்று சிரிப்பில்லை. பார்வையாளர் பதிவேட்டில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். கோர்ட்டிலிருந்து நேரலை ஓடிக்கொண்டிருந்தது. "ஓடாதே, இதைக் கேட்டுவிட்டுப் போ" என்றார். நின்றேன்.

முதலில் இரண்டாம் நிலைக் கொலை, குற்றவாளி என்று வாசித்தார்கள். அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் தான் நான் எதிர்பார்க்காதது வந்தது. துப்பாக்கியால் கடுமையாகத் தாக்கிய குற்றம், முதல் குண்டு, குற்றவாளி. இரண்டாவது குண்டு, குற்றவாளி. மூன்றாவது குண்டு, குற்றவாளி. ஒவ்வொரு குண்டும் தனிக் குற்றம் என்று அரசுத் தரப்பு வழக்குப் போட்டிருந்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தீர்ப்பு. அந்த அம்மா ஒரு விசிட்டர் அட்டையைத் திருப்பி வைத்து, பேனாவால் கோடு போட ஆரம்பித்தார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. மூன்று கட்டு முடிந்து இன்னும் ஒரு கோடு போட்டதும் பேனாவை வைத்துவிட்டார். கடைசியாகப் பதவியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றத்திலிருந்து விடுதலை என்றார்கள். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அந்தப் பதினாறு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமல் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாது.

2014 அக்டோபர் 20 இரவு. சிகாகோவின் தென்மேற்கில் புலாஸ்கி சாலை. லக்வானுக்கு வயது 17. கையில் சின்னக் கத்தி, உடம்பில் போதை மருந்து. ஒரு போலீஸ் காரின் டயரைக் குத்தியிருந்தான். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. போலீஸ்காரர்கள் அவனைப் பின்தொடர்ந்து, டேசர் (மின்னதிர்ச்சியால் முடக்கும் கருவி) கொண்டு வரச் சொல்லிக் காத்திருந்தார்கள். வான் டைக் வந்து, காரை விட்டு இறங்கி, சில வினாடிகளில் சுடத் தொடங்கினார். சுமார் 15 வினாடிக்குள் 16 குண்டு. அதில் பெரும்பகுதி நேரம் பையன் தரையில் கிடந்தான். அங்கே இருந்த மற்ற போலீஸ்காரர்களில் ஒருவர்கூடச் சுடவில்லை.

அன்றிரவே போலீஸ் சங்கத்தின் சார்பில் பேசியவர், பையன் கத்தியோடு பாய்ந்தான் என்றார். சம்பவ இடத்தில் இருந்த போலீஸ்காரர்கள் எழுதிய அறிக்கைகளும் அதையே சொல்லின. ஆனால் ஒரு போலீஸ் காரின் முன்பக்கக் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அதில் பையன் விலகித்தான் நடக்கிறான். அந்த வீடியோ ஊருக்குத் தெரிய 400 நாள் ஆனது. இடையில் 2015 ஏப்ரலில், குடும்பம் வழக்கே போடாத நிலையில், நகராட்சி மன்றம் 50 லட்சம் டாலர் இழப்பீட்டை அங்கீகரித்தது. மேயர் ரஹ்ம் இமானுவேல் மறுதேர்தலில் ஜெயித்து எட்டே நாள் ஆகியிருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று யார் சொன்னாலும் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களில் நம்ப ஆளில்லை. ஒரு சுயாதீனப் பத்திரிகையாளர் கோர்ட்டுக்குப் போய், நீதிபதி உத்தரவிட்ட பிறகு 2015 நவம்பர் 24 அன்று வீடியோ வெளியானது. வான் டைக் மீது கொலை வழக்குப் பதிவானதும் அதே நாள்தான், வீடியோ வெளியாவதற்குச் சில மணி நேரம் முன்பு. பதிமூன்று மாதம் கையில் வைத்திருந்த ஆதாரம், ஊர் பார்க்கப்போகிறது என்றதும் ஒரே நாளில் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

அன்றிலிருந்து தெருவில் ஒரே கோஷம்: "பதினாறு குண்டு, ஒரு மூடிமறைப்பு!" நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள், கடைகளில் கூட்டம் அலைமோதும் வெள்ளிக்கிழமையில், மிச்சிகன் அவென்யூவில் வழியை மறித்து அதைத்தான் கத்தினார்கள். சில நாளில் போலீஸ் தலைவர் பதவி பறிபோனது. 2016 மார்ச்சில் மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் அனிதா ஆல்வரெஸ் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். வழக்கில் ஜூரி தேர்வு தொடங்குவதற்கு முதல் நாள், மூன்றாவது முறை போட்டியிடப் போவதில்லை என்று மேயரே அறிவித்தார்.

ஆக, "பதினாறு" என்பது மூன்று வருடமாகத் தொண்டை வறளக் கத்திய எண். அதை அன்று கோர்ட் ஊழியர் ஒருவர் நிதானமான குரலில், ஒவ்வொன்றாக, குற்றம் என்று வாசித்தார். கத்திக்கொண்டே இருந்தவர்களுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சிட்டி ஹால். நான் போய்ச் சேர்ந்தபோது சத்தம் பலமாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கிரிக்கெட் ஜெயித்த மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் போனால் வேறு. என் அருகில் இருந்த இளைஞன் கத்திக்கொண்டே அழுதான். அழுகை முற்றி, கத்த முடியாமல், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்துவிட்டான். அவனைவிட வயதான ஒருவர், தெரிந்தவராகக்கூட இருக்க மாட்டார், முதுகில் கை வைத்து நின்றார். கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். வான் டைக்கைத் திட்டிய குரல்களும் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் நிரம்பியிருந்தது நிம்மதி. நடக்காது என்றே நினைத்து வந்தவர்கள் அவர்கள். நகரத்தில் சுமார் 30 சதவீதம் கறுப்பினத்தவர் இருக்க, ஜூரியின் 12 பேரில் ஒரே ஒருவர்தான் கறுப்பினத்தவர். சிகாகோவில் பணியில் இருந்தபோது சுட்டதற்காக ஒரு போலீஸ்காரர் கொலைக் குற்றவாளி ஆகி ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகியிருந்தது. முடிவு தெரிந்த பரீட்சைக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்கள். அப்புறம் ஊர்வலமாக நகர மையத்தில் நடந்தார்கள். பயந்தபடி எதுவும் எரியவில்லை. அலுவலகங்களை மதியமே காலி செய்ய வைத்த பயத்தை நினைத்து அன்றிரவு எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் பயந்தவன்தான் என்பதால்.

மற்றொரு பக்கமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், பனிக்காலத்தில் என் காரைச் சுற்றியும் பனியை வாரிவிடுவார். மறுநாள் காலை வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "இனி எந்தப் பையனும் காரை விட்டு இறங்க மாட்டான்." பையன் என்றது இளம் போலீஸ்காரர்களை. அவர்களுடைய சங்கங்களும் கிட்டத்தட்ட அதையே சொல்லின: அரசியலுக்காக ஒரு போலீஸ்காரரைப் பலி கொடுத்துவிட்டார்கள், வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டிய வேலையை அறைக்குள் உட்கார்ந்து தீர்ப்பளிக்கிறார்கள் என்று.

அந்தப் பயம் பொய்யில்லை. இருட்டில் கத்தியோடு இருக்கிற ஒருவனுக்கு முன்னால் நிற்கிற வேலையை நான் செய்ததில்லை. ஆனால் அவரிடம் அன்று கேட்கத் தைரியமில்லாத கேள்வியை இங்கே கேட்கிறேன்: அதே இருட்டில், அதே கத்திக்கு முன்னால் நின்ற மற்றவர்கள் ஏன் சுடவில்லை? அவர்களும் போலீஸ்காரர்கள்தானே? ஜூரியும் போலீசை வெறுத்து வந்தவர்கள் இல்லை. முதல் நிலைக் கொலை என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. சொல்லவில்லை. சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தின் சட்டத்தில், உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் உண்மையாகவே நம்பியிருந்து, அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் இல்லாவிட்டால், அது இரண்டாம் நிலைக் கொலை. நீ பயந்திருக்கலாம், ஆனால் அந்தப் பயத்துக்கு அங்கே காரணம் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. போலீஸ்காரருக்கு இவ்வளவு இடம் கொடுத்த தீர்ப்பைப் பழிவாங்கல் என்று என்னால் சொல்ல முடியாது.

பையனுக்குத் தாத்தா முறையாகும் ஒரு பாதிரியார் குடும்பத்தின் சார்பில் பேசிவந்தார். தீர்ப்பு நாளில் அவர் வான் டைக்கின் மனைவி, தகப்பனாரின் வேதனையைத் தான் பார்த்ததாகவும், தங்கள் வேதனையை அவர்களால் பார்க்க முடியவில்லையே என்பதுதான் உறுத்தியது என்றும் சொன்னார். ஜெயிலுக்குப் போகிறவரின் குடும்பத்தை யாரும் நினைக்கவில்லையா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். முதலில் நினைத்தவர் இவர்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் என் பதிலும் இங்கே நின்றிருக்கும். மூன்று மாதம் கழித்து, 2019 ஜனவரி 17 அன்று, பொய் அறிக்கை எழுதி மூடிமறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று போலீஸ்காரர்களை வேறொரு நீதிபதி விடுதலை செய்தார். மறுநாள் வான் டைக்குக்குத் தண்டனை. அரசுத் தரப்பு 18 முதல் 20 வருடம் கேட்டது. நீதிபதி வின்சென்ட் கான், கொலைதான் பெரிய குற்றம், தண்டனை அதற்கு மட்டும் என்றார். அந்தப் பதினாறு குற்றங்களும் அதற்குள் கரைந்துபோயின. 81 மாதம். சட்டப்படி அந்தப் பதினாறில் ஒன்றுக்கே குறைந்தபட்சம் ஆறு வருடம் உண்டு. அரசுத் தரப்பு இலினாய் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அவர்கள் தலையிட மறுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனபோது அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "ஐந்து." எனக்குப் புரியவில்லை. செல்போன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். 81-ஐ 16-ஆல் வகுத்திருந்தார். ஒரு குண்டுக்கு ஐந்து மாதம்.

பிறகு அதுவும் இல்லை. நன்னடத்தைக் கழிவு போக, 2022 பிப்ரவரி 3 அன்று, சுமார் மூன்று வருடம் நாலு மாதத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். அன்றும் மக்கள் கூடினார்கள். இந்த முறை சிட்டி ஹால் முன்னால் இல்லை, மத்திய அரசின் கட்டடத்தில். மத்திய அரசு தனியாக வழக்குப் போட வேண்டும் என்று கேட்டார்கள். சிலரைக் கைது செய்தார்கள். ஏப்ரலில், வழக்கில்லை என்று அரசு சொல்லிவிட்டது. நான் அதற்குள் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பலாமா என்று எடுத்த போனை அப்படியே வைத்துவிட்டேன். அவருக்கு என்னவென்று எழுதுவது?