லேபிளில் ‘மார்கோ’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் கணவர், ஓய்வுபெறும் தன் மேலதிகாரிக்கு ‘ஷாத்தோ மார்கோ’ 2015 சிவப்பு ஒயின் பரிசளிக்க விரும்புகிறார். தெரிந்தவர் ஒருவர், தோட்டத்திலேயே நேரடியாக வாங்கியது என்று 140 யூரோவுக்குத் தருகிறார். வெள்ளைக் காகித லேபிளில் ‘மார்கோ’, ‘கிரான் வேன்’ எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் நல்லது.

பிரான்ஸின் போர்தோ நகரத்துப் பக்கத்தில் மார்கோ என்பது ஓர் ஊர். அங்கேயும் சுற்றியுள்ள சில ஊர்களிலும் விளைந்து, விதிப்படி தயாராகும் சிவப்பு ஒயின் எல்லாமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் கேட்கும் ஷாத்தோ மார்கோ, அங்குள்ள தோட்டங்களில் ஒன்றே ஒன்று. போர்தோ ஒயின்களுக்கு 1855இல் போட்ட தரவரிசையில் முதல் வரிசையில் இடம்பிடித்தது. ‘கிரான் வேன்’ (உயர்ந்த ஒயின்) என்பதையும் நம்பாதீர்கள். அது தர முத்திரையே இல்லை, பல தோட்டங்களும் அச்சடிக்கின்றன. வாங்குபவர் குழம்புவார் என்று தெரிந்தும் இதை இத்தனை காலம் அனுமதித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க ஆண்டு ஒன்றே போதும், அதாவது திராட்சை அறுவடையான ஆண்டு. இந்தத் தோட்டத்தின் முதன்மை ஒயினில் வழக்கமாகக் காகித லேபிள்தான் இருக்கும். 2015 மட்டும் விலக்கு. தோட்டத்து மாளிகையின் இருநூறாம் ஆண்டையும் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த புதிய ஒயின் கூடத்தையும் ஒட்டி, கறுப்புப் பாட்டிலின் கண்ணாடி மேலேயே தங்க நிறத்தில் அச்சிட்டார்கள். நெடுங்காலம் அங்கே பொறுப்பில் இருந்து 2016இல் காலமான போல் பொந்தாலியேவுக்கு அஞ்சலியும் அதில் உண்டு. ஒட்டிய காகிதமே கிடையாது. ஆகவே 2015, வெள்ளைக் காகிதம் என்றால் அது வேறு ஒயின். அதே தோட்டத்தின் இரண்டாம் ஒயினான ‘பாவியோன் ரூஜ்’ காகித லேபிளோடு வரும். ஆனால் அந்தப் பெயர் பெரிதாகவே அச்சாகியிருக்கும்.

அப்புறம் அந்த ‘நேரடியாக’. இதைச் சொல்லித்தான் பல தரகர்கள் பிழைக்கிறார்கள். ஷாத்தோ மார்கோ தனி ஆட்களுக்கு விற்பதில்லை. போர்தோவின் மொத்த வணிகர்கள் வழியாகத்தான் வெளியே வரும். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். இந்த ஏற்பாடு எனக்கும் பிடிக்காது, ஆனாலும் நடப்பு அதுதான். 140 யூரோவுக்கு அந்த 2015 கிடைக்கவே கிடைக்காது.

அதே பணத்தில், ரசீது தரும் ஒயின் கடையில் ‘ஷாத்தோ ஜிஸ்கூர்’ அல்லது ‘ஷாத்தோ திஸ்ஸான்’ கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் மார்கோ ஒயின்கள்தான், 1855இல் மூன்றாம் வரிசையில் வந்தவை. மேலதிகாரிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.