அண்ணாச்சி, அந்த ஃபீஸை இப்போது கட்ட வேண்டாம்

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பியதை இரண்டு தரம் படித்தேன். பிள்ளை பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், யாரோ ஒரு இன்ஸ்டிட்யூட்காரர் 'ஹெல்த்கேர் ஐ.டி.' என்று சொல்லியிருக்கிறார், ஆறு மாசக் கோர்ஸ், முழுப் பணமும் முன்னாடியே, வேலை நிச்சயம். கட்டலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். துறை மோசம் என்பதால் சொல்லவில்லை. அவர்கள் நோட்டீஸில் இருப்பது மெடிக்கல் கோடிங், உங்கள் பிள்ளை கேட்டிருப்பது வேறு.

மெடிக்கல் கோடிங் என்பது, நம்ம ஊர்ப் பிள்ளைகள் பார்க்கிற அளவில், பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சிகிச்சைக் குறிப்பைப் படித்து நோய்க்கு ஒரு குறியீடு, செய்த வைத்தியத்துக்கு ஒரு குறியீடு போட்டு பில்லுக்கு அனுப்புவது. நர்சிங், பார்மசி, விலங்கியல் படித்தவர்களுக்கு அது நன்றாகக் கை கொடுக்கும். உங்கள் மகள் எழுதியிருக்கிற ஒரு வரியைப் பார்த்தீர்களா? "ஆஸ்பத்திரியில் லேபுக்கு ஒரு சாஃப்ட்வேர், பில்லுக்கு ஒரு சாஃப்ட்வேர், ரெண்டும் ஏன் சார் பேசிக்க மாட்டேங்குது?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே ஒரு தனித் தொழில், அதற்கு ஆள் குறைவு.

அது என்ன தொழில் என்று சொல்ல என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அத்தைக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது மணி ஆறரை. நடுவில் என்ன நடந்தது? அத்தையின் பெயரில் ஒரு லெட்சுமி வரும். காப்பீட்டு அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, அட்மிஷனில் இன்னொரு மாதிரி, மூன்று வருஷத்துக்கு முன் ஓ.பி.க்கு வந்தபோது லேபில் பதிந்த பெயர் மூன்றாவது மாதிரி, அதற்குத் தனி நம்பர் வேறு. மாடியிலிருந்து திருப்பிக் கொடுத்த குளுக்கோஸ் பாட்டில்களுக்கு மருந்தகத்துக்காரர் துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார், ஏனென்றால் மருந்தகத்தின் சாஃப்ட்வேர் தனி. ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றியது நர்ஸ் நோட்டில் ராத்திரி பதினொன்றேகால், பில்லில் மறுநாள் காலை எட்டு, அதனால் ஒரு நாள் ஐ.சி.யு. வாடகை கூட. பில்லிங் கவுன்டரில் இருந்த பிள்ளை ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து முதலிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தது. நானும் அந்தச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு தரைத் தளத்துக்கும் மூன்றாவது மாடிக்கும் நடையாய் நடந்தேன், லிஃப்டில் ஸ்ட்ரெச்சருக்கே இடமில்லை. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியின் இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு சாஃப்ட்வேரின் தகவலை இன்னொன்றுக்குக் கொண்டுபோகிற பாலம், நான்தான்!

இந்த நடையை ஆளில்லாமல் நடக்க வைப்பதுதான் வேலை. நிர்வாகம், பில்லிங், சிகிச்சை மூன்றின் தகவலும் ஒரே நோயாளியின் பெயரில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். அதற்கென்று 1987இல் ஆரம்பித்த எச்.எல்.7 என்ற அமைப்பு செய்தி வடிவங்களை வகுத்திருக்கிறது. அதில் ஏ01 என்றால் அட்மிஷன், ஏ02 வார்டு மாற்றம், ஏ03 டிஸ்சார்ஜ். வார்டில் நர்ஸ் இடமாற்றத்தைப் பதிந்த நொடியில் ஏ02 கிளம்பி பில்லிங்குக்குப் போயிருந்தால் எங்களுக்கு அந்த ஒரு நாள் வாடகை விழுந்திருக்காது. ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் இருந்தால் சேர்ப்பதற்குக்கூட ஏ40 என்று தனிச் செய்தி உண்டு. ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்று வேறு ஒரு வழி. இப்போது புதிதாக எழுதப்படுவதில் நிறைய, அதே எச்.எல்.7 அமைப்பின் ஃபயர் (FHIR) என்கிற வடிவத்தில், வெப்சைட் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்காது. மத்திய அரசு 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் இந்த ஃபயரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆபா (ABHA) என்று ஆளுக்கு ஒரு பதினாலு இலக்கச் சுகாதார நம்பர் தருகிறார்களே, அது அந்தத் திட்டம்தான்.

நம்பர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சென்னையில் உட்கார்ந்து நினைப்பவர்கள் நம்ம பக்கம் ஒரு ஓ.பி.யில் வந்து 'சுடலைமுத்து' என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், நாலு பேர் எழுந்திருப்பார்கள். இனிஷியல் ஒருத்தருக்கு முன்னால், ஒருத்தருக்குப் பின்னால். செல் நம்பர் கேட்டால் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுடையது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருடையது. பிறந்த தேதி கேட்டால் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாருக்கும் ஜனவரி ஒன்று. இந்த நாலு சுடலைமுத்துவையும் பிரித்தறியச் சாஃப்ட்வேருக்கு என்ன விதி கொடுப்பது, சந்தேகம் வந்தால் எப்போது மனுஷரிடம் கேட்கச் சொல்வது, இதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பாகம். ரத்த வகை மாறிப்போனால் உயிர் விஷயம். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் பாடமே எடுக்க வேண்டாம், அதனால்தான் உங்கள் மகளுக்கு இது ஒத்து வரும் என்கிறேன்.

வேலை வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிகளுக்கு இப்போது வேறு வழி இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ், அதாவது நோயாளி கையிலிருந்து கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி, கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்தில். அந்தப் பக்கம் கடிகாரம் ஓடும்போது இந்தப் பக்கம் துண்டுச் சீட்டு தேடிக்கொண்டிருக்க முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் முன் அனுமதி, ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஆன்லைனில்தான் ஏற்ற வேண்டும், ஒரு பேப்பர் குறைந்தால் கேள்வி போட்டுத் திருப்பிவிடுவார்கள், பணம் நிற்கும்.

சரி, வழி என்ன? பரீட்சை முடிந்ததும் நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்ட் பக்கம் கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பில்லிங்கிலோ இன்சூரன்ஸ் டெஸ்க்கிலோ மருத்துவப் பதிவேடு பிரிவிலோ ஆறு மாசம் சேரட்டும். சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், உங்கள் கடையில் நிற்கிற பையன் வாங்குவதை விடப் பெரிதாக இருக்காது. "கம்ப்யூட்டர் படிச்சிட்டு பில் போடவா?" என்று வீட்டில் ஒரு சத்தம் வரும், வரட்டும். ராத்திரி எட்டு மணி ஷிஃப்டில் ஒரு தடவை டிஸ்சார்ஜ் நெரிசலைப் பார்த்தவளுக்குத் தெரிவது, நாலு வருஷம் ஏ.சி. ரூமில் புரோகிராம் எழுதினவனுக்குத் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: நோயாளியின் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் தள்ளக் கூடாது, மேலே இருக்கிறவர் கேட்டாலும் ஆஸ்பத்திரி சொன்ன வழியில்தான். 2023இல் தனிநபர் தரவுக்கென்றே சட்டம் வந்தாயிற்று.

அந்த ஆறு மாசத்தில் வீட்டில் படிக்க வேண்டியதற்குப் பெரிய காசு தேவையில்லை. தகவல் தளத்திலிருந்து கேட்டு எடுக்கிற மொழியான எஸ்.க்யூ.எல். முதலில், அதுவும் இரண்டு பட்டியலைப் பொருத்திச் சேர்க்கிற ஜாயின் எழுதக் கை பழகும் வரை. எச்.எல்.7 ஆவணங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பாம்னி, ஓப்பன்எம்.ஆர்.எஸ். என்று திறந்த மூலத்தில் ஆஸ்பத்திரி மென்பொருள்கள் இருக்கின்றன, லேப்டாப்பில் ஏற்றிப் பார்க்கட்டும். சின்தியா என்று ஒரு மென்பொருள் பொய் நோயாளிகளின் பதிவுகளை உருவாக்கித் தரும், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் உடைத்துப் பழகலாம், யாருக்கும் நஷ்டமில்லை. டிஜிட்டல் மிஷனுக்குச் சோதனைத் தளமும் இருக்கிறது. அப்புறம் எம்.சி.ஏ.வா, ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்டா என்பதை அடுத்த வருஷம் அவளே சொல்வாள், இன்றைக்கு நானும் நீங்களும் முடிவு செய்ய வேண்டாம்.

கவர்ன்மென்ட் வேலை கேட்டீர்கள். ஒப்பந்த வேலைகள் வரும், வந்தால் விண்ணப்பிக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வைக்காதீர்கள். ஊரை விட்டு அனுப்ப மனசில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வருஷம் இங்கேயே பார்க்கலாம், அதற்கு மேல் வளர மதுரை, சென்னை, பெங்களூர் போக வேண்டித்தான் வரும், மறைத்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலையிலேயே வந்தால் நல்லது. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்த பழைய ஃபைல் ஒன்று மஞ்சப் பையில் பீரோ மேல் கிடக்கும், அதைப் பில்லோடு எடுத்து வரச் சொல்லுங்கள். பில்லில் உள்ள வரிகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தேதிகளையும் அவள் பேனாவை வைத்துப் பொருத்திக்கொண்டு வரட்டும். எங்கே பொருந்தவில்லையோ அங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.