ஆப்பிள் மரத்தின் பூஞ்சை நோய்களுக்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பு?

காஷ்மீர், இமாச்சலத் தோட்டங்களில் ஆப்பிளைப் பாடாய்ப் படுத்துவது சொறி நோய். இலையிலும் காயிலும் கருமையான புள்ளிகளை உண்டாக்கி, காயைக் கோணலாக்கி வெடிக்கவைக்கும் ஒரு பூஞ்சையின் வேலை அது. 1973-இல் காஷ்மீரில் கொள்ளைநோயாகவே பரவியது.

இந்தப் பூஞ்சை குளிர்காலத்தை உதிர்ந்த இலைகளில் கழிக்கிறது. வசந்தகால மழை அந்தச் சருகை நனைத்ததும் நுண்வித்துகள் காற்றில் எழும்பித் தளிர்களில் ஒட்டுகின்றன. ஒட்டினால் மட்டும் போதாது. இலைமேல் ஈரம் தொடர்ந்து நிற்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் அளவில் 6 முதல் 9 மணி நேரம் போதும். 6 டிகிரிக் குளிரில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஊறவைத்த பயறு முளைவிடும் முன்பே காய்ந்துபோனால் வீணாகிவிடும் அல்லவா? இந்த வித்துகளும் அப்படித்தான்.

ஆகவே எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்பதே முக்கியம். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து காற்றோட்டம் விடுவதையும் சருகை அகற்றுவதையும் மருந்தடிப்புக்கு இணையான வேலைகளாகவே கருதுங்கள்.

மழையில்லாவிட்டால் எந்தப் பூஞ்சையும் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இலைமேல் வெண்பொடிபோல் படரும் பூஞ்சையான சாம்பல் நோய்க்கு இலையில் நீர் நிற்கவே தேவையில்லை, காற்றின் ஈரப்பதமே போதும்.