மாலகாவில் ஒரு நாள்: ஞாயிற்றுக்கிழமை போனால் செலவு குறையுமா?

ஸ்பெயினின் கிரனாடாவில் தங்கியிருக்கும் நீங்கள் ஒரு நாள் மட்டும் கடற்கரை நகரமான மாலகாவுக்குச் சென்றுவர விரும்புவதாகவும், பேருந்துக் கட்டணம் நீங்கலாக 30 யூரோவுக்குள் செலவு அடங்குமா, ஞாயிற்றுக்கிழமை போவது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடங்கும். ஒரு ஜூலை மாத ஞாயிறன்று எனக்கு 25 யூரோவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆயிற்று. ஆனால் ஞாயிறு என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு மேல் அல்கசாபா கோட்டைக்கும், அதற்கு மேலே குன்றின் உச்சியிலுள்ள ஹிப்ரல்ஃபாரோ அரணுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பிக்காசோ அருங்காட்சியகத்திலும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். இதை வைத்துத்தான் எல்லோரும் ஞாயிறைப் பரிந்துரைக்கிறார்கள். அன்று அத்தராசானாஸ் சந்தை மூடியிருக்கும் என்பதையும், முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, பானம், இனிப்பு எல்லாவற்றையும் ஒரே விலையில் தரும் ‘மெனு தெல் தியா’ என்னும் மதியச் சாப்பாடு பல கடைகளில் வார நாட்களில் மட்டுமே கிடைக்கும் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. எனவே நுழைவுச் சீட்டில் மிச்சம் பிடித்ததைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலைச் சாப்பாட்டில் கவலையில்லை. ‘பித்தூஃபோ’ என்று இவ்வூரில் அழைக்கப்படும் சிறு ரொட்டியில் தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் தடவி, காப்பியுடன் சேர்த்து ஏறக்குறைய 3 யூரோவுக்குக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கடைகளில் ‘ஸ்ட்ராங்’, ‘லைட்’ என்று சொல்வதைப்போல இங்கே பாலின் அளவுக்கு ஒவ்வொரு பெயர் உண்டு: பாதிக்குப் பாதி என்றால் ‘மித்தாத்’, பால் மிகுந்து டிகாக்ஷன் குறைந்தால் ‘சோம்ப்ரா’, அதாவது நிழல், பெயருக்குச் சில துளி டிகாக்ஷன் மட்டும் என்றால் ‘நூபே’, அதாவது மேகம்.

அங்கிருந்து எல்லாமே நடைதூரம்தான். பேராலயத்தின் இரண்டு கோபுரங்களில் ஒன்று கட்டி முடிக்கப்படாமலே நின்றுவிட்டதால் மக்கள் அதை ‘லா மன்கித்தா’, ஒற்றைக்கைக்காரி, என்று செல்லமாக அழைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. 1881-இல் பிக்காசோ பிறந்த வீடு மெர்சேத் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சில் அவர் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படமெடுக்க வரிசை நிற்கும்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது கோட்டையடிவாரத்திலுள்ள ரோமானிய அரங்கத்தைத்தான். கட்டணமே இல்லை, தெருவில் நின்றபடியே முழுவதையும் பார்க்கலாம். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் மறைந்து கிடந்த இது, 1951-இல்தான் வெளிப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் ஒரு பகுதியின்மேல் பண்பாட்டு மாளிகை ஒன்றை எழுப்பியிருந்தார்கள். பின்னர் 1990-களில் அந்த மாளிகையை இடித்துத்தான் அரங்கத்தை மீட்க வேண்டியிருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் அல்கசாபாவைக் கட்டிய முஸ்லிம் ஆட்சியாளர்கள் இந்த அரங்கத்தின் கற்களையும் தூண்களையும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். கீழே அரங்கத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், கோட்டையின் வளைவு வாசல் ஒன்றில் அதே ரோமானியத் தூண்கள் முட்டுக்கொடுத்து நிற்பதைக் காணலாம்.

நான் செய்த தவறு, இலவசம் என்றதும் 2 மணி அடிக்கக் காத்திருந்து ஏறியது. தலைக்கு நேரே வெயில், குடிநீர் பாட்டில் பாதி வழியிலேயே காலி, வயிற்றில் பசி வேறு. ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்பதால் அந்த அவசரத்துக்குத் தேவையே இருக்கவில்லை. நீங்கள் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு மேல் கோட்டைக்குப் போங்கள். அருங்காட்சியகத்தின் இலவச நேரமும் அதையொட்டியே வருவதால் இரண்டில் ஒன்றைத்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நான் கோட்டையைத்தான் சொல்வேன். ஹிப்ரல்ஃபாரோவுக்கு ஏறும் பாதையில் ஒரு காட்சிமேடை இருக்கிறது. துறைமுகமும் வட்டமான காளைப்போர் அரங்கமும் அங்கிருந்தே தெரியும், எந்த நாளிலும் காசு கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு 11-ஆம் எண் நகரப் பேருந்தில், ஒன்றரை யூரோவுக்கும் குறைவான கட்டணத்தில், பழைய மீனவர் குடியிருப்பான பெத்ரெகலெஹோவுக்குச் செல்லுங்கள். அங்கே மணலிலேயே சிறு படகுகளை நிறுத்தி, அவற்றுக்குள்ளும் மணல் நிரப்பி, ஆலிவ் விறகில் நெருப்பு மூட்டியிருப்பார்கள். மீனைச் சுடுபவர், பக்கவாட்டில் சீவிய நாணல் குச்சி ஒன்றில் ஆறு மத்தி மீன்களை முதுகெலும்புக்கு அடியாகக் கோத்து, கல் உப்பைத் தூவி, குச்சியின் அடியை மணலில் சாய்வாகக் குத்திவைக்கிறார். மீன் நெருப்பின்மேல் படுவதில்லை. அருகே நின்று அனலிலேயே வேகிறது. இதுதான் ‘எஸ்பெத்தோ’. கையால்தான் சாப்பிட வேண்டும். முள்கரண்டியோடு போராடிய பக்கத்து மேசைக்காரர் கடைசியில் என்னைப் பார்த்து மாறிக்கொண்டார். ஒரு குச்சிக்கு நான்கைந்து யூரோ ஆயிற்று. நான் கேட்காமலேயே வந்த ரொட்டிக்கூடை பில்லில் ஏறியிருந்தது. வேண்டாமென்றால் வந்த உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். தண்ணீருக்கு ‘அகுவா தெல் கிரிஃபோ’, குழாய்த் தண்ணீர், என்று கேளுங்கள். 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

கோடையில் போவதாக இருந்தால் கையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். மாலையில் வெள்ளைச் சட்டையும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்தவர்கள் ‘பிஸ்னாகா’ விற்று வருவார்கள். காட்டுச்செடி ஒன்றின் காய்ந்த குடைபோன்ற தண்டில், காம்புக்கு ஒன்றாக மல்லிகை மொட்டுகளைச் செருகிச் செய்த வெள்ளைப் பூப்பந்து அது. அவற்றைச் சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்றில் குத்தி ஏந்தி வருகிறார்கள். நாரும் இல்லை, நூலும் இல்லை. நான் வாங்கியபோது பாதி மொட்டாகவே இருந்தது; கிரனாடா பேருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் முழுவதும் விரிந்துவிட, முன் இருக்கையில் இருந்த மூதாட்டி திரும்பிப் பார்த்து, எவ்வளவுக்கு வாங்கினாய் என்று விசாரித்தார்.