கேளுங்கள், சொல்கிறோம்: புல்லுக்கு அடியில் ஓர் ஊர்

கேள்வி: மகளின் கல்லூரிப் பாடத்தில் இங்கிலாந்தின் வார்ரம் பெர்சி என்ற பழைய கிராமம் வருகிறது. படத்தில் வெறும் புல்மேடும் கூரையில்லாத ஒரு சர்ச்சும்தான் தெரிகின்றன. அங்கே ஊர் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பிளேக் வந்து எல்லாரும் செத்துப்போனார்களா?
– வாசகர், தக்கலை

பதில்: அந்தப் புல்மேடுதான் சாட்சியே. யார்க்‌ஷரில் இருக்கும் அந்த இடத்தைச் சாய்ந்த வெயிலில் உயரத்திலிருந்து படம் எடுத்தால், மனிதக் காலும் வண்டியும் தேய்த்துப் பள்ளமாக்கிய தெரு, இருபுறமும் வீட்டு மனைகள், பின்னால் கொல்லை, அதற்கப்பால் ஏர் ஓட்டிய சாலும் மேடும் என்று எல்லாம் நிழல் விழுந்து தெரியும். 1950-இல் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அங்கே தோண்ட ஆரம்பித்தார். அப்புறம் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளர் சேர்ந்தார், வருஷா வருஷம் கோடையில் தோண்டி 1990 வரை வேலை போனது. ஒரு ராஜா இல்லை, புதையல் இல்லை, குடியானவன் வீட்டுக்காக 40 வருஷம்! இதற்குப் பொறுமை மட்டும் போதாது, கொஞ்சம் பைத்தியமும் வேண்டும்.

கிடைத்தவை சுண்ணாம்புக்கல் சுவர்களின் அடித்தளம், பானை ஓடு, ஆடுமாடுகளின் எலும்பு, இப்படித்தான். எனக்குப் பிடித்தது சர்ச்தான். முதலில் சின்ன மரக்கட்டடம், பிறகு கல் கட்டடம், ஜனம் பெருகப் பெருகப் பக்கவாட்டில் கூடங்களைச் சேர்த்திருக்கிறார்கள், ஜனம் குறைந்ததும் அந்தக் கூடங்களையே இடித்துச் சுவரை அடைத்திருக்கிறார்கள். சர்ச்சிலும் அதன் கல்லறைத் தோட்டத்திலும் கிடைத்த ஏறக்குறைய 700 பேரின் எலும்புகளை ஆய்ந்ததில், அந்த ஊர்த் தாய்மார் பிள்ளைக்கு ஒன்றரை வயது வாக்கில் பால் மறக்கச் செய்தார்கள் என்பது வரை தெரிந்துவிட்டது.

பிளேக் 1349-இல் வந்தது உண்மை, ஆனால் ஊரைக் காலி செய்தது அது இல்லை. 1368-இல் கூடச் சுமார் 30 வீடுகளில் ஆள் இருந்தது. 1458-இல் அது பாதியாகிவிட்டது. 1500-ஐ ஒட்டிக் கடைசிக் குடும்பங்களும் போய்விட்டன. காரணம் ஆடு. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால் பண்ணையார் உழவை நிறுத்தி நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டார், அதற்கு நாலைந்து மேய்ப்பர்கள் போதும், குடியானவர்கள் எதற்கு? இப்படிக் கைவிடப்பட்ட ஊர்கள் இங்கிலாந்தில் சுமார் 3,000 இருக்கின்றன.

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் ரப்பர் நடக் குழி எடுத்தபோது நிறையப் பானை ஓடு வந்தது. முன்பு அங்கே குடியிருப்பு இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே மாதிரி இங்கேயும் பார்க்கலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: பார்க்கலாம், ஆனால் நம்மூரில் கஷ்டம். வார்ரம் பெர்சியில் ஆளை விரட்டிய அதே ஆடுகள்தான் மண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தன, மேய்ச்சல் நிலத்தை யாரும் கொத்துவதில்லை பாருங்கள். இங்கே சரிவைப் படிப்படியாக வெட்டி ரப்பர் நட்டு, 25–30 வருஷத்தில் மரத்தைப் பிடுங்கி ஜேசிபி விட்டு மறுபடி நடுகிறோம். மண் சுவரும் ஓலைக் கூரையும் நம் மழைக்கு எத்தனை நாள் நிற்கும்? அதனால் பானை ஓட்டை அலட்சியம் செய்யாதீர்கள்.

நமக்கு எழுத்துச் சான்று குறைவில்லை. குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கிக் கோயில் கட்டியதும், 95 பேர் படிக்கச் சாலை (அந்தக் காலக் கல்விக்கூடம்) வைத்ததும் செப்பேட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அந்த நிலத்தை உழுதவன் எப்படிப்பட்ட வீட்டில் படுத்தான், எந்தச் சட்டியில் கஞ்சி வைத்தான் என்பதைச் செப்பேடு சொல்லாது, உங்கள் விளை சொல்லக்கூடும். எனவே ஆர்வத்தில் நீங்களே மேலும் தோண்ட வேண்டாம். எந்தக் குழியில் எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்று எழுதி, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஓட்டைக் கழுவி ஷோகேசில் வைத்துவிட்டு இடத்தை மறந்தால் பாதிச் சான்று போச்சு. காசோ பொன்னோ கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிப்பது கட்டாயம், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: அந்த வார்ரம் பெர்சியில் பேய்க்குப் பயந்து பிணத்தை வெட்டி எரித்தார்களாமே?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: கிட்டத்தட்ட அப்படித்தான். சர்ச் கல்லறைக்கு வெளியே, ஊருக்குள் ஒரு குழியில் குறைந்தது 10 பேரின் 137 எலும்புத் துண்டுகள் கிடைத்தன, கத்தி வெட்டும் தீக்கருகலும் இருக்கின்றன. பஞ்சத்தில் நரமாமிசம் தின்றார்களோ என்றும் யோசித்தார்கள். அதற்கு மூட்டிலும் தசை ஒட்டும் இடத்திலும்தான் வெட்டு அதிகம் விழ வேண்டும், இங்கே தலை, கழுத்துப் பக்கம் விழுந்திருக்கிறது. எனவே செத்தவர் எழுந்து நடமாடாமல் தடுக்கச் செய்த காரியம் என்பதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது என்று 2017-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்நியரை வெறுத்துச் செய்ததும் இல்லை, பற்களைச் சோதித்ததில் எல்லாரும் அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள்.