ஸ்குரூ வைக்கணுமா, ஜவ்வை மட்டும் எடுத்தால் போதுமா?

கேள்வி: வயது 46. பீடி சுற்றுகிறேன். 8 வருஷமாக இடுப்பு வலி. 5 மாதமாக இடது காலில் பெருவிரல் வரை சுண்டி இழுக்கிறது. ஸ்கேனில் எல்4-எல்5 ஜவ்வு (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை) பிதுங்கியிருக்கிறதாம். ஒரு டாக்டர் ஜவ்வை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் ஸ்குரூ வைத்து எலும்பை இணைக்கணும் என்கிறார். யாரிடம் செய்துகொள்வது?
– வாசகி, முக்கூடல்

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு வலி. 8 வருஷ இடுப்பு வலி ஒன்று, 5 மாதக் கால் வலி இன்னொன்று. ஜவ்வை எடுக்கும் ஆபரேஷன் பெரும்பாலும் தீர்ப்பது காலுக்கு ஓடும் வலியைத்தான். இடுப்பு வலி குறையலாம், அப்படியே கிடக்கவும் செய்யலாம். இதை நீங்கள் கேட்காமலேயே சொல்கிற டாக்டரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பவரிடம் வேண்டாம். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப்பேருக்கு மேல் ஜவ்வு பிதுங்கித்தான் தெரியும். படத்தில் இருப்பதும் காலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. அதற்கு டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்க்கணும். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்குவார். 30 முதல் 70 டிகிரிக்குள் முட்டிக்குக் கீழே வலி பாய்ந்தால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். அவர் விரலால் அமுக்க, நீங்கள் பெருவிரலை மேலே நிமிர்த்தணும். குதிகாலில் நாலு எட்டு நடக்கச் சொல்வார். எல்4-எல்5 ஜவ்வு வழக்கமாக அழுத்தும் நரம்பு பெருவிரலைத் தூக்கும் நரம்பு. அதனால் உங்களுக்கு இந்தச் சோதனை முக்கியம். விரலோ பாதமோ தூக்க வராமல் தொங்கினால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

இனி ஸ்குரூ. ஓர் எலும்பின் மேல் இன்னொன்று நழுவியிருந்தால், அல்லது ஆடினால், இணைப்பதில் நியாயம் உண்டு. நின்றபடி முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அது தெரிந்துவிடும். “அந்த எக்ஸ்ரேயில் எலும்பு நகருதா டாக்டர்?” என்று கேளுங்கள். நகரவில்லை, முதல் தடவைப் பிதுக்கம் என்றால் ஜவ்வை மட்டும் எடுப்பதே வழக்கம். ஓர் இடத்தை இணைக்க 4 ஸ்குரூ, 2 கம்பி, பெரும்பாலும் ஜவ்வு இருந்த இடத்தில் முட்டுக்கொடுக்க ஒரு சின்னக் கூண்டு வேண்டும். செலவும் ஏறும், பக்கத்து ஜவ்வுக்குப் பாரமும் கூடும்.

மூன்றாவது ஒருவரிடம், வேறு ஆஸ்பத்திரியில், காட்டுங்கள். ரிப்போர்ட் தாள் போதாது. பிலிமும் சிடியும் வேண்டும். முதல் இருவர் சொன்னதை அவர் சோதித்து முடிக்கும்வரை சொல்லாதீர்கள்.

நியூரோவா (நரம்பு டாக்டர்) ஆர்த்தோவா (எலும்பு டாக்டர்) என்று குழம்ப வேண்டாம். எம்சிஎச் நியூரோசர்ஜரி படித்தவரும் சரி, எம்எஸ் ஆர்த்தோ முடித்துத் தண்டுவடத்துக்குத் தனிப் பயிற்சி எடுத்தவரும் சரி. வாரமெல்லாம் முட்டி மாற்றிவிட்டு எப்போதாவது முதுகைத் தொடுபவர் வேண்டாம். மாதத்துக்கு இதே ஆபரேஷன் எத்தனை செய்கிறார், கத்தி வைப்பது அவரேதானா என்று கேட்கலாம், தப்பில்லை. வாரம் ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்து செய்துவிட்டு அன்றே கிளம்புகிறவர் என்றால், இரவு 2 மணிக்குக் கால் மரத்தால் யார் வருவார் என்பதையும் கேளுங்கள். நம் ஊர்ப் பக்கம் இது அவசியமான கேள்வி.

ஜவ்வை எடுத்தபின் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதுண்டு. 6 வாரம் குனிந்து தூக்குவது, தண்ணீர்க் குடம் இடுக்குவது கூடாது. பிறகும் தரையில் குனிந்து சொளகை மடியில் வைத்து மணிக்கணக்காகச் சுற்றாமல், முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கேள்வி: டாக்டர் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஓட வேண்டிய அறிகுறி எது?
– வாசகர், களக்காடு

பதில்: சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, இரண்டு காலும் சேர்ந்து பலம் குறைவது. இதில் ஒன்று புதிதாக வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், உடம்பு மெலிவது, படுத்தாலும் அடங்காத வலி என்றால் முதுகெலும்பில் காசநோயோ கட்டியோ இருக்கலாம். சோதிக்காமல் எண்ணெய் போட்டு நீவவோ வர்மம் தட்டவோ விடாதீர்கள்.

கேள்வி: காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷன் செய்யலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காப்பீட்டுக் கவுண்டரில் முதலில் விசாரியுங்கள். தனியார் என்றால் ஆஸ்பத்திரி பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. தண்டுவட ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா, ஸ்குரூ விலை அதில் அடங்குமா என்று படுக்கையில் சேரும் முன்பே கேளுங்கள். ஸ்குரூ வைத்தால், பாக்கெட்டில் வரும் ஸ்டிக்கரின் நகலை டிஸ்சார்ஜ் தாளோடு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த ஊரில் காட்டினாலும் உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.