எம்.ஆர்.ஐ. ஸ்கானில் நோயாளி அசைந்தால்: கேள்வி பதில்

ஸ்கான் எடுக்கும்போது நோயாளி அசைவதால் படம் குழம்புவதைக் கணனியைப் பழக்கிச் சரிசெய்ய முடியுமா என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் அயலிலிருந்தும் பலர் கேட்டிருந்தனர். மருத்துவப் பௌதிகவியலில் பணிபுரிபவன் என்ற முறையில் இயன்றவரை பதிலளிக்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு நடுக்குவாதம் உண்டு. தலையை ஓரிரு தடவை அசைத்ததற்காக முழு ஸ்கானையும் மீண்டும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அது சரியா?

சரிதான், ஆனால் அதில் உங்கள் அப்பாவின் பிழை எதுவுமில்லை. உடலிலிருந்து வரும் வானொலி அலைச் சமிக்ஞைகளை எம்.ஆர்.ஐ. கருவி, கே-வெளி எனப்படும் தரவுப் பரப்பில் வரிவரியாக நிரப்பி, பின்னர் ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறையின் மூலம் படமாக்குகிறது. அப்பரப்பின் ஒவ்வொரு வரியிலும் முழுத் தலையின் தகவலும் கலந்திருப்பதால், சில நிமிடங்கள் நீடிக்கும் ஒரு தொடரில் (ஸ்கானில் ஒரு தடவையில் எடுக்கும் படத்தொகுதியில்) ஒரு கணம் நேர்ந்த அசைவுகூடப் படம் முழுவதும் பரவி, மண்டையோட்டின் விளிம்பு அலையலையாக மூளையின் மேல் விழுந்ததுபோலத் தெரியும். நடுவரிகள் பதிவாகும்போது அசைந்தால் சேதம் அதிகம். ஓரவரிகள் என்றால் வைத்தியர் சிலவேளை பொறுத்துக்கொள்வார். நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, அவற்றை ஒப்பிட்டு அசைவைத் திருத்தும் ‘புரொப்பெல்லர்’ என்ற முறை 1999 இலிருந்தே உண்டு. அடுத்தமுறை போகும்போது அது அங்கே இருக்கிறதா என்று கதிர்ப்படப்பிடிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

நல்லூரிலிருந்து கதிரியல் கற்கும் மாணவி: ஒரே நோயாளியின் தெளிவான படமும் குழம்பிய படமும் சோடியாகக் கிடைப்பது அரிது. அப்படியிருக்கக் கணனியை எப்படிப் பழக்குகிறார்கள்?

பெரும்பாலும் செயற்கையாகக் குழப்பித்தான். தெளிவான படமொன்றின் கே-வெளித் தரவை எடுத்து, தலை நகர்ந்ததாகக் கொள்ளும் வரிகளின் அலைக் கட்டத்தை (phase) மாற்றுவார்கள். தலை திரும்பியதாகக் கொள்ளும் வரிகளையும் அதே கோணத்தில் திருப்புவார்கள். பின்னர் மீட்டெடுத்த படத்தையும் மூலப் படத்தையும் சோடியாக்கி யூ-நெட் போன்ற நரம்பு வலையமைப்புக்கு, அதாவது மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் கணனி நிரலுக்குக், கொடுப்பார்கள். இது மலிவான, அழகான உத்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் உண்மையான தலை அசையும்போது காந்தப் புலத்தின் சீர்மையும் மாறுகிறது. படமெடுக்கும் தளத்தைவிட்டு இழையம் வெளியேறுகிறது. விழுங்கும்போது தலை அசையாமலே தொண்டை அசைகிறது. இவற்றைச் சேர்க்காமல் பழக்கிய மென்பொருள் ஆய்வுக் கட்டுரையில் நன்றாக இருக்கும், ஸ்கான் அறையில் தடுமாறும்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு வைத்தியர்: திருத்தப்பட்ட படம் ஒரு சிறு புண்ணை மறைத்துவிடாதா?

மறைக்கலாம், இல்லாததைக் காட்டவும் செய்யலாம். ஸ்கானை வேகப்படுத்தும் முறைகளுக்காக 2020 இல் நடந்த ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. போட்டியில், குறைந்த தரவிலிருந்து மீட்டமைத்த மூளைப் படங்கள் சிலவற்றில் உண்மையில் இல்லாத அமைப்புகள் தோன்றியதைக் கதிரியல் வைத்தியர்கள் சுட்டிக்காட்டினர். அங்கே ஆராயப்பட்டது வேகமே, அசைவு அன்று. ஆயினும் இரண்டிலும் ஆபத்து ஒரே மாதிரியானதுதான். எனவே குழம்பிய படத்தை நேரே ‘அழகாக்கும்’ மென்பொருளைவிட, தலை எப்போது எவ்வளவு அசைந்தது என்பதை மட்டும் வலையமைப்பைக் கொண்டு மதிப்பிட்டு, அளந்த தரவுக்கு முரணாகாமல் படத்தை மீட்டமைக்கும் முறையையே நான் நம்புவேன். எதுவாயினும் திருத்தாத மூலப் படமும் உங்கள் திரைக்கு வரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். என்னைக் கேட்டால், இப்படிக் கணனியைப் பழக்கும் இயந்திரக் கற்றலின் மிகப் பெரிய பயன் திருத்துவதிலேயே இல்லை. ஒரு தொடர் முடிந்தவுடன் படம் பழுதென்று அது எச்சரித்தால், நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே அந்தத் தொடரை மட்டும் மீண்டும் எடுத்துவிடலாம். இன்னொரு நாள் பேருந்து பிடித்து வரும் அலைச்சலும் மிச்சம்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: என் நாலு வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்காமல் எடுக்க முடியுமா?

அதை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்கான் நேரம் குறையக் குறைய வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவப் பீடமும் பேஸ்புக் நிறுவனமும் 2018 இல் தொடங்கிய ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. திட்டத்தின் நோக்கமும் அந்த நேரத்தைக் குறைப்பதே. இப்போதைக்கு, கருவியின் இரைச்சலைக் கைப்பேசியில் போட்டுக் காட்டி, அசையாமல் படுக்கும் விளையாட்டை வீட்டில் பழக்கிப் பாருங்கள்.

கொக்குவிலிலிருந்து ஒருவர்: சி.ரி. ஸ்கானிலும் இதே பிரச்சினையா?

மிகக் குறைவு. எக்ஸ்-கதிர்க் குழாய் உடலை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க அரைச் செக்கனளவே செல்லும். துடிக்கும் இதயத்தின் நாடிகளைப் படமெடுக்கும்போதுதான் அங்கே அசைவு தலையிடியாகிறது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு பொறியியல் மாணவன்: ஸ்கான் கருவி இல்லாமல் நான் ஆராய்ச்சி செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. தொகுப்பில் கே-வெளித் தரவே கிடைக்கிறது. 2022 இல் வெளியான எம்.ஆர்-ஆர்ட் தொகுப்பில், சுகதேகிகளான 148 பேரை அசையாமலும், பின்னர் வேண்டுமென்றே தலையை அசைக்கச் சொல்லியும் எடுத்த படங்கள் உள்ளன. செயற்கைக் குழப்பத்தில் பழக்கியதை அவற்றில் சோதித்துப் பாருங்கள். தரவைப் பிரிக்கும்போது படத்துண்டுகளைக் கலந்து பிரிக்காமல் ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே தலையின் அடுத்தடுத்த துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் வரும் புள்ளிகள் பொய்யானவை.